புதுப் பந்தில் ஓங்கி அடி, பழைய பந்தில் இடம் பார்த்து அடி: சிகாகோ சாஃப்ட்பால் லீக்கில் ஒரு வாரம்

சாஃப்ட்பால் பேஸ்பாலின் உறவு ஆட்டம்: பிட்சர் வீசும் பந்தை மட்டையாளர் அடித்துவிட்டு, மூன்று பேஸ்களையும் சுற்றி ஓடி, தொடங்கிய ஹோம் பிளேட்டுக்குத் திரும்பினால் ஒரு ரன். அமெரிக்காவின் பெரும்பாலான ஊர்களில் ஆண்கள் சாஃப்ட்பால் லீக் என்றால் 12 அங்குலச் சுற்றளவுள்ள பந்து, ஒரு கையில் தோல் கிளவுஸ். சிகாகோவிலும் அதைச் சுற்றியுள்ள புறநகர்களிலும் கதையே வேறு. பந்தின் சுற்றளவு 16 அங்குலம், குறுக்களவு ஏறக்குறைய 13 செ.மீ., எடை 9 முதல் 10 அவுன்ஸ், அதாவது 255 முதல் 283 கிராம். கிளவுஸ் கிடையாது, வெறுங்கைதான். டிபீர் பெயரில் வரும் ‘கிளிஞ்சர்’ பந்துதான் இங்கே பலகாலமாகப் பழக்கத்தில் உள்ளது. பெட்டியிலிருந்து எடுக்கும்போது அது கல்லுமாதிரி இறுகியிருக்கும். ஓர் இன்னிங்ஸில் இரு அணிகளும் ஒவ்வொரு முறை, மூன்று அவுட் விழும்வரை பேட் செய்யும். ஏழு இன்னிங்ஸும் அதே பந்தை அடித்து முடித்தபின் கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழும்.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும், ஆனால் தலைகீழாக. அங்கே புதுப் பந்து வேகப்பந்து வீச்சாளரின் ஆயுதம். இங்கே புதுப் பந்து மட்டையாளரின் சொத்து. வெற்றி தோல்வியில் பெரும்பகுதி இரண்டு விஷயங்களில் அடங்கிவிடுகிறது: பந்து எவ்வளவு இளகியிருக்கிறது என்பதைப் படிக்கத் தெரிந்த அணி எது, ஆடும் பத்துப் பேரின் விரல்கள் என்ன நிலையில் இருக்கின்றன. ஒரு வாரத்து ஆட்டங்களை வரிசையாக எடுத்துப் பார்த்தால் இது தெளிவாகும்.

இங்கே எடுத்துக்கொள்வது எட்டு அணிகள், விளக்கு வசதி இல்லாத ஒரே மைதானம் கொண்ட லீக்கின் ஜூன் மாதக் கடைசி வாரம். அணிகளும் ஸ்கோர்களும் விளக்கத்துக்காக அமைத்த மாதிரி. விதி, பந்து, மைதானம், காயம் பற்றிச் சொல்வதெல்லாம் உண்மையான லீக்குகளின் நடைமுறை.

அட்டவணை

எட்டு அணிகள் ஒருவரோடொருவர் ஒருமுறை மோத ஏழு வாரம், இருமுறை மோதப் பதினான்கு வாரம். மே நடுவில் தொடங்கினால் ஆகஸ்ட் நடுவில் முடியும். அட்டவணை போடச் சுலபமான வழி, அணி 1-ஐ ஓரிடத்தில் நிறுத்திவிட்டு மற்ற ஏழையும் வாரம் ஓரிடமாகச் சுழற்றுவது. முதல் சுற்றில் 1–8, 2–7, 3–6, 4–5 வரும். இதோடு நின்றுவிட்டால் பிறகு சண்டைதான், ஏனென்றால் மாலை 6:15 ஆட்டமும் 7:20 ஆட்டமும் ஒன்றல்ல. ஜூன் கடைசியில் சிகாகோவில் சூரியன் மறைவது இரவு 8:30 வாக்கில். பிந்தைய ஆட்டத்தின் கடைசி இரண்டு இன்னிங்ஸ் மங்கலில்தான் நடக்கும். ஒவ்வொரு அணிக்கும் பிந்தைய நேரம் சமமாக விழுகிறதா என்று தனியாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

திங்களும் புதனும் தலா இரண்டு ஆட்டம். செவ்வாயும் வியாழனும் மழைக்காக ஒதுக்கியவை. இந்த ஒதுக்கீடு இல்லாத லீக்குகள் ஆகஸ்டில் ஒரே அணியை ஒரு வாரத்தில் மூன்று முறை ஆடவைக்கும். வெறுங்கையால் பிடிக்கும் ஆட்டத்தில் அது விரல்களுக்குத் தாங்காது.

திங்கள், முதல் ஆட்டம்: அணி 8 எதிர் அணி 1

நாணயம் சுண்டி வென்ற அணி 1 பின்னால் பேட் செய்வதைத் தேர்ந்தெடுத்தது. பலரும் இதைத்தான் செய்வார்கள், கடைசி வாய்ப்பு தன் கையில் இருக்கட்டும் என்று. ஆனால் 16 அங்குல ஆட்டத்தில் அதற்கு ஒரு விலை உண்டு. பந்து மிக இறுக்கமாக இருக்கும் அந்த முதல் அரை இன்னிங்ஸை எதிரணிக்குக் கொடுத்துவிடுகிறோம். அணி 8 அந்த இன்னிங்ஸில் 4 ரன் எடுத்தது, இரண்டாவதில் 3. அணி 1 பதிலுக்கு 3, 1.

இறுக்கமான பந்து மட்டையில் பட்டால், பேஸ்களுக்கு அப்பால் நிற்கும் அவுட்ஃபீல்டர்களின் தலைக்கு மேல் போகும். தரையில் உருண்டு வந்தாலும், பேஸ்களை ஒட்டி நிற்கும் இன்ஃபீல்டரின் உள்ளங்கையில் தங்காமல் தெறிக்கும். முதல் இரண்டு இன்னிங்ஸில் பிழைகள் அதிகம் விழுவது வீரர்கள் கவனக்குறைவாக இருப்பதால் அல்ல, பந்து அப்படி. அதனால் பேட்டிங் ஆர்டரில் பலமாக அடிப்பவர்களை முதல் ஐந்து இடங்களுக்குள் வைப்பார்கள். முதல் இரண்டு இன்னிங்ஸுக்குள் அவர்களுக்கு ஒரு வாய்ப்பு நிச்சயம் வர வேண்டும். ஆறிலிருந்து பத்து வரை இடைவெளி பார்த்துத் தட்டிவிடத் தெரிந்தவர்கள். இந்த மெதுவீச்சு ஆட்டத்தில் இரண்டு ஸ்ட்ரைக் (அடிக்காமல் தவறவிட்ட நல்ல பந்து) விழுந்தபின் ஃபவுல் (பக்கக் கோட்டுக்கு வெளியே போகும் அடி) அடித்தால் அவுட் என்பதால், வெறுமனே ஓங்கி வீசுபவரைப் பின்வரிசையில் வைப்பது வீண்.

மூன்றாவது இன்னிங்ஸிலிருந்து அணி 8-இன் ரன் வரத்து நின்றது: 0, 1, 0, 0, 1. பந்து இளகிவிட்டது. அவர்கள் அதே ஓங்கல் அடியைத் தொடர்ந்தார்கள். பந்து உயரே எழுந்து, வழக்கமாக விழும் தூரத்துக்கு முன்பே இறங்கிக் கைகளில் விழுந்தது. ஏரிப் பக்கமிருந்து வந்த காற்றும் சேர்ந்துகொண்டது. மிச்சிகன் ஏரியை ஒட்டியுள்ள கிராண்ட் பார்க் போன்ற மைதானங்களில் கோடைப் பிற்பகலில் ஏரிக்காற்று அடிப்பது வழக்கம். 12 அங்குலப் பந்தைவிட இந்தப் பந்து காற்றுக்குக் காட்டும் பரப்பு சுமார் 1.8 மடங்கு, எடையோ ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கும் குறைவு. எதிர்க்காற்றில் இது அதிகம் தடுமாறும்.

அணி 1 செய்தது வேறு. நான்காவது இன்னிங்ஸ் முடிந்ததும் கேப்டன் பந்தைக் கையில் வாங்கி அழுத்திப் பார்த்தார். அதன்பின் மட்டையாளர்கள் எல்லாரும் தாழ்வாக நேரே பறக்கும் லைன் டிரைவுக்கு மாறினார்கள். ஃபீல்டிங்கிலும் அவுட்ஃபீல்டர்களைப் பத்துப் பன்னிரண்டு தப்படி முன்னால் அழைத்தார். இந்த ஆட்டத்தில் ஃபீல்டர்கள் பத்துப் பேர். பத்தாமவர் இரண்டாம் பேஸுக்குப் பின்னால் நிற்கும் ஷார்ட் சென்டர். இளகிய பந்தில் அவர்தான் மைதானத்திலேயே அதிகம் உழைப்பவர்.

கடைசி இன்னிங்ஸில் 9–8 எனப் பின்தங்கியிருந்த அணி 1, ஒருவர் அவுட்டாகி, இரண்டாம் மூன்றாம் பேஸ்களில் ஆள் இருக்க, இடதுபுறம் ஒரு சின்ன அடி அடித்தது. பந்து மூன்றாம் பேஸ்மேனின் தலைக்கு மேல் பறந்து, இன்னும் முதல் இன்னிங்ஸ் இடத்திலேயே ஆழமாக நின்றிருந்த இடது ஃபீல்டருக்கு ரொம்ப முன்னால் ‘பொத்’தென்று விழுந்தது. இளகிய பந்து எழும்பவும் இல்லை, உருளவும் இல்லை. அவர் ஓடிவந்து எடுப்பதற்குள் இரண்டு ரன். 10–9. அந்த இடது ஃபீல்டரை முன்னால் வா என்று சொல்ல ஆளில்லாததுதான் அணி 8-இன் தோல்வி.

பந்து விஷயத்தில் அம்பயர் கவனிக்க வேண்டியது ஒன்று. ஃபவுல் போன பந்து தொலைந்தால், பையிலிருந்து புதுப் பந்தை எடுத்துக் கொடுக்கக் கூடாது. ஐந்தாவது இன்னிங்ஸில் புதுப் பந்து வந்தால் அப்போது பேட் செய்யும் அணிக்கு அது பரிசு. போன வார ஆட்டங்களில் பாதி தேய்ந்த பந்துகள் இரண்டைக் கையிருப்பில் வைத்து, அதே அளவு இளகியதைக் கொடுப்பதுதான் நியாயம்.

திங்கள், இரண்டாம் ஆட்டம்: அணி 2 எதிர் அணி 7

14–6, அணி 7 வென்றது. ஸ்கோரைவிட முக்கியமானது இரண்டாவது இன்னிங்ஸில் அணி 2-இன் மூன்றாம் பேஸ்மேனுக்கு நடந்தது. நேராக வந்த லைன் டிரைவுக்கு அவர் விரல்களைப் பந்தை நோக்கி நீட்டினார். மோதிர விரலின் நுனியில் பட்டது. வலி கொஞ்சம்தான். ஆனால் விரலின் கடைசிக் கணு தொங்கிவிட்டது, நிமிர்த்த முடியவில்லை.

இதற்கு மேலட் ஃபிங்கர் என்று பெயர். விரல் நுனியை நிமிர்த்தும் தசைநாண் அறுந்திருக்கும், அல்லது அது ஒட்டியிருக்கும் எலும்புத் துணுக்கு பெயர்ந்திருக்கும். மைதானத்தில் சிலர் ‘இழுத்துவிட்டால் சரியாகிவிடும்’ என்பார்கள். செய்யவே கூடாது. ஐஸ் வைத்து, நுனிக்கணுவை நேராக வைத்து ஒரு குச்சியோடு கட்டி, எக்ஸ்ரே எடுக்க அனுப்ப வேண்டும். எலும்பு பெரிதாக விலகாவிட்டால் சிகிச்சை ஸ்ப்ளின்ட்தான்: கடைசிக் கணு நேராக, இரவும் பகலும், குறைந்தது ஆறு வாரம். குளிக்கும்போது கழற்றி ஒருமுறை விரல் மடங்கினாலும் கணக்கு மறுபடி முதலிலிருந்து. இதைக் கேட்டுவிட்டு மூன்றாவது வாரமே ஆட வருபவர்கள்தான் வாழ்நாள் முழுக்க வளைந்த விரலோடு இருக்கிறார்கள். நடுக்கணு விலகியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும், அதையும் மைதானத்தில் இழுத்துப் பொருத்தக் கூடாது. மோதிரம் போட்டு ஆடவிடாமல் அம்பயர் முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். வீங்கிய விரலில் மோதிரம் சிக்கினால் ரத்த ஓட்டம் தடைப்படும்.

பிடிக்கும் முறை சரியாக இருந்தால் இதில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். மார்புக்கு மேல் வரும் பந்துக்கு விரல்கள் வானத்தை நோக்கி, இடுப்புக்குக் கீழே வரும் பந்துக்குத் தரையை நோக்கி. எந்த நிலையிலும் விரல்நுனி பந்தை நேரே பார்க்கக் கூடாது. பந்து முதலில் தொட வேண்டியது உள்ளங்கையின் அடிப்பகுதியை. தொட்ட கணமே முழங்கை மடங்கிப் பந்தை உடம்போடு அணைத்துக்கொள்ள வேண்டும். முதல் இரண்டு இன்னிங்ஸில் மூலை ஃபீல்டர்கள் (முதல், மூன்றாம் பேஸ்மேன்கள்) லைன் டிரைவைப் பிடிக்கப் பார்ப்பதைவிட, மார்பால் மறித்துக் கீழே போட்டு எடுத்து எறிவதே புத்திசாலித்தனம். பேஸ்களுக்கிடையே தூரம் 55 அடியோ 60 அடியோதான் என்றாலும், மறித்து எறிய நேரம் கிடைக்கும். பந்தைப் பார்த்து ஒதுங்கினால் எதுவும் கிடைக்காது.

எறிதலும் வேறு மாதிரி. 13 செ.மீ. பந்தைப் பெரும்பாலோரால் விரல்களால் பற்ற முடியாது. உள்ளங்கையில் உட்காரவைத்து, மணிக்கட்டைச் சுண்டாமல், முழுக்கையால் தள்ளி எறிவார்கள். மணிக்கட்டைச் சுண்டினால் பந்து வழுக்கி உயரே போகும். முதல் பேஸுக்குப் போகும் தவறான எறிதல்களில் பாதிக்கும் காரணம் இதுதான்.

அப்படியானால் கிளவுஸ் போட்டுக்கொள்ளலாமே என்ற கேள்வி புதிதல்ல. 1977-இல் சிகாகோ பூங்காத் துறை தன் லீக்குகளில் கிளவுஸை அனுமதித்தபோது, பத்திரிகைப் பத்தி எழுத்தாளர் மைக் ராய்கோ வழக்குப் போட்டார். தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. அந்தத் தீர்ப்பு சரி என்றே நாங்களும் நினைக்கிறோம். கிளவுஸ் வந்த நிமிடமே முதல் இன்னிங்ஸின் இறுக்கமான பந்துக்கு அர்த்தம் போய்விடும். ஃபீல்டரின் இடம், பேட்டிங் ஆர்டர், நாணயச் சுழற்சி என்று மேலே சொன்ன கணக்கு ஒன்றும் மிஞ்சாது. அதோடு 1930-களின் பெருமந்தத்தில் இந்த ஆட்டம் சிகாகோவின் சின்னச் சின்னப் பூங்காக்களில் பரவியதற்கு, ஒரு பந்தும் ஒரு மட்டையும் இருந்தால் இருபது பேர் ஆடலாம் என்பதும் ஒரு காரணம்.

இந்தப் பெரிய பந்தின் வேரும் சிகாகோவில்தான். 1887 நவம்பரில் நன்றி நவிலல் நாளன்று ஃபாரகட் படகு மன்றத்தில் யேல்–ஹார்வர்டு அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தின் முடிவுக்காகக் காத்திருந்தவர்கள், ஒரு குத்துச்சண்டைக் கையுறையைச் சுருட்டிக் கட்டிப் பந்தாக்கி, குச்சியால் அடித்து உள்ளரங்கில் ஆடினார்கள். அவர்களில் ஒருவரான ஜார்ஜ் ஹான்காக் அதற்கு விதி வகுத்தார். அன்றைய ஸ்கோர் 41–40. சாஃப்ட்பால் என்ற பெயரே 1926-இல்தான் வந்தது.

செவ்வாய் மழை, புதன் காலை மைதானம்

செவ்வாய் இரவு நல்ல மழை. புதன் காலை மைதானத்தில் பார்க்க வேண்டியது எளிது: இன்ஃபீல்டு மண்ணில் நடந்து பாருங்கள். காலடியைச் சுற்றித் தண்ணீர் ஊறினால் அப்போதைக்கு எதையும் தொடாதீர்கள். தடம் மட்டும் பதிந்தால் வேலையைத் தொடங்கலாம்.

குட்டையாக நிற்கும் தண்ணீரைத் துடைப்பத்தால் புல்லுக்குத் தள்ளுவதுதான் எல்லா ஊரிலும் நடக்கும் தவறு. தண்ணீரோடு மண்ணும் போகும். குட்டை இருந்த இடம் இன்னும் பள்ளமாகும், புல்லோரத்தில் மண் வரம்பு எழும்பும். அடுத்த மழையில் அந்த வரம்பே தண்ணீரை உள்ளே தேக்கும், உருண்டு வரும் பந்து அதில் பட்டு ஃபீல்டரின் முகத்துக்கு எழும்பும். ஸ்பாஞ்சாலோ கைப்பம்பாலோ தண்ணீரை வாளியில் எடுக்க வேண்டும். பிறகு சுட்ட களிமண் துகள்களைத் தூவலாம். 50 பவுண்டு மூட்டையாக வரும். ஹோம் பிளேட், முதல் பேஸ், பிட்சர் நிற்கும் இடம் ஆகிய மூன்றுக்கும் இரண்டு மூன்று மூட்டை போதும். தூவிவிட்டுக் கொஞ்சம் ஊறவிட்டுப் பிறகு ரேக்கால் மேலாகக் கிளற வேண்டும். தண்ணீர் நிற்கும்போதே மூட்டையைக் கொட்டினால் சேறுதான் மிஞ்சும்.

இடி கேட்டால் பேச்சே இல்லை, எல்லாரும் மைதானத்தை விட்டு வெளியே. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் உள்ளே வரலாம். நடுவில் இன்னொரு இடி கேட்டால் மறுபடி 30 நிமிடம்.

காய்ந்தபின் பேஸ்களைப் பொருத்தும்போது இன்னொரு சிக்கல். பலவகை ஆட்டங்கள் நடக்கும் மைதானத்தில் பேஸ் பொருத்தும் துளைகள் ஒரே கோட்டில் இரண்டு மூன்று இருக்கும். கண்ணால் பார்த்துப் பொருத்தினால் முதல் பேஸ் 60 அடியிலும் மூன்றாம் பேஸ் 65 அடியிலும் உட்கார்ந்துவிடும். ஹோம் பிளேட்டின் கூர்முனையிலிருந்து நாடாவைப் பிடித்து அளக்க வேண்டும். 60 அடி லீக்கில் கூர்முனையிலிருந்து இரண்டாம் பேஸின் நடுப்பகுதிக்கு 84 அடி 10¼ அங்குலம். 55 அடி லீக்கில் 77 அடி 9⅜ அங்குலம். பிட்சர் தட்டு 38 அடியில். கோடு போட நீறிய சுண்ணாம்பைப் பயன்படுத்தக் கூடாது, தோலும் கண்ணும் வெந்துவிடும். மைதானத்துக்கென்று விற்கும் சுண்ணக்கட்டிப் பொடியே சரி.

புதன்: அணி 3 எதிர் அணி 6, அணி 4 எதிர் அணி 5

மைதான வேலையால் முதல் ஆட்டம் அரை மணி தாமதம். 6:45-க்குத் தொடங்கி அணி 6 வென்றது, 11–8. அணி 3 இந்த லீக்குக்குப் புதிது, 12 அங்குல ஆட்டத்திலிருந்து வந்தவர்கள். அங்கே பந்து பிளேட்டை அடையும்வரை ரன்னர் பேஸை விட்டு நகரக் கூடாது. 16 அங்குல ஆட்டத்தில் நகரலாம், பிட்சரோ பிளேட்டுக்குப் பின்னால் நிற்கும் கேட்சரோ பேஸுக்கு எறிந்து பிடித்தால் அவுட். அணி 3-இன் ரன்னர்கள் உற்சாகமாகப் பத்தடி வெளியே போனார்கள். மூன்று பேர் இப்படியே அவுட். பல லீக்குகளில் பிட்சர் இரண்டுமுறை வீசுவதுபோல் பாவனை காட்டலாம், அதுவும் அவர்களுக்குத் தெரியவில்லை. எறிதல் தவறிப் பந்து எங்கோ போனாலும் ரன்னர் அடுத்த பேஸுக்கு ஓட முடியாது என்பதால், வெளியே போவதில் கிடைக்கும் லாபம் இரண்டு மூன்று தப்படிதான். ஒரு கை நீட்டினால் பேஸைத் தொடும் தூரத்துக்கு மேல் போவதில் பயனில்லை.

இரண்டாம் ஆட்டம் 7:50-க்குத்தான் தொடங்க முடிந்தது. 8:50-க்கு நான்கு இன்னிங்ஸ் முடிந்திருந்தது, அணி 4 முன்னிலை, 7–5. அதற்கு மேல் பந்து தெரியவில்லை. அம்பயர் நிறுத்தினார், அது சரியான முடிவு. மங்கலில் முகத்துக்கு வரும் பந்தை வெறுங்கையோடு நிற்பவர் பார்க்கவே முடியாது. ஆனால் ஐந்து இன்னிங்ஸ் முடிந்தால்தான் ஆட்டம் முழுமை. பின்னால் பேட் செய்யும் அணி முன்னிலையில் இருந்தால் நான்கரை போதும். ஆக இது முடியாத ஆட்டம். விட்ட இடத்திலிருந்து தொடர்வதா, முதலிலிருந்து ஆடுவதா என்பதை லீக் விதியில் முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். தொடர்வதே நல்லது.

வியாழன்: விட்ட இடத்திலிருந்து

இங்கே இரண்டு தகராறுகள் வரும், இரண்டுமே வந்தன.

முதலாவது பந்து. தோற்றுக்கொண்டிருந்த அணி 5 புதுப் பந்து கேட்டது. கொடுத்தால் ஐந்தாவது இன்னிங்ஸ் முதல் இன்னிங்ஸாக மாறிவிடும். அம்பயர் புதன் இரவே ஆட்டப் பந்தில் தேதியும் அணி எண்களும் எழுதித் தனியே வைத்திருந்தார், அதுவே வந்தது. ஈரத் துணிப்பையில் போட்டு வைத்தால் தோல் நீர் குடித்துப் பந்து கனத்துவிடும். செய்தித்தாளில் சுற்றி உலர்ந்த இடத்தில் வைத்தால் மாற்றம் பெரிதாக இராது.

இரண்டாவது பேட்டிங் ஆர்டர். அணி 5-இன் ஸ்கோர் புக்கில் கடைசியாக அவுட்டானவர் பெயருக்குக் கீழே கோடு போடவில்லை. ஏழாமவர் வர வேண்டிய இடத்தில் எட்டாமவர் வந்து அடித்துவிட்டார், முதல் பேஸில் நின்றார். அணி 4 அடுத்த பந்து வீசுவதற்கு முன் முறையிட்டது. விதி இதுதான்: தவறானவர் பேட் செய்துகொண்டிருக்கும்போதே கண்டுபிடித்தால், சரியானவர் வந்து அதே பந்து–ஸ்ட்ரைக் எண்ணிக்கையிலிருந்து தொடரலாம், தண்டனை இல்லை. அவர் முடித்தபின், அடுத்த பந்துக்கு முன் முறையிட்டால், வர வேண்டியிருந்தவர் அவுட், நகர்ந்த ரன்னர்கள் பழைய இடத்துக்கு. அடுத்த பந்து வீசிவிட்டால் நடந்தது நடந்ததுதான். ஏழாமவர் அவுட் ஆனார். அடுத்து மறுபடி வர வேண்டியவர் எட்டாமவரே. இந்தக் கடைசி வரியைத்தான் பெரும்பாலான கேப்டன்கள் மறந்து ஒன்பதாமவரை அனுப்பி இன்னொரு அவுட்டை வாங்கிக்கொள்கிறார்கள்.

ஆட்டம் 9–7 என அணி 4-க்குப் போனது.

புள்ளிப் பட்டியலில் எழுதும்போது, சமநிலை வந்தால் முதலில் இரு அணிகளும் நேரில் மோதிய முடிவு, பிறகு ரன் வித்தியாசம் என்று போவது வழக்கம். ரன் வித்தியாசத்தை ஓர் ஆட்டத்துக்கு 10-க்கு மேல் எண்ணக் கூடாது என்று வரம்பு வையுங்கள். வரம்பு இல்லாவிட்டால், காயத்தால் ஒன்பது பேரோடு ஆடும் அணியைப் போட்டு அடித்து எண்ணிக்கை சேர்ப்பார்கள். இந்த வாரம் அணி 2 ஆடியது அப்படித்தான். மூன்றாம் பேஸ்மேன் போனபின் மாற்று ஆள் இல்லை. காயம்பட்டவரின் முறை வரும்போதெல்லாம் தானாக ஓர் அவுட் என்பது பல லீக்குகளின் விதி. பதிவுப் பட்டியலில் குறைந்தது பதினான்கு பேர் இல்லாத அணி ஜூலையைத் தாண்டுவது கஷ்டம். அணி 2 அடுத்த திங்களுக்குள் இன்னொருவரின் பெயரைப் பதிந்து, அவரை மூலையில் நிறுத்தாமல் வலது அவுட்ஃபீல்டில் ஆடவிட வேண்டும். வெறுங்கைக்குப் பழகாதவருக்கு அங்கேதான் பந்து குறைவாக வரும், வந்தாலும் வேகம் அடங்கி வரும்.